பெயர் கடைசியில் வரும் நோய்

சில நோய்கள் தமக்கான சான்றைத் தாமே தருகின்றன. காசநோய்க்குச் சளியில் கிருமி உண்டு. மலேரியாவுக்கு இரத்தத்தில் ஒட்டுண்ணி உண்டு. வேறு சில நோய்களுக்கு அத்தகைய எளிய சான்று கிடையாது. அவற்றைப் போலத் தோற்றம் தரும் மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விலக்கிய பிறகு, எஞ்சி நிற்பதற்கு ஒரு பெயர் சூட்டப்படுகிறது. டொலோசா-ஹன்ட் நோய்க்குறித் தொகுப்பு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஒரு பக்கக் கண்ணுக்குப் பின்னால் துளைப்பது போன்ற வலி, அதனுடனோ அடுத்த சில நாள்களிலோ அந்தக் கண்ணின் அசைவு முடங்குதல், ஸ்டீராய்டு கொடுத்ததும் ஓரிரு நாளில் வலி தணிதல் ஆகிய மூன்றையும் பாடநூல் ஒரே பத்தியில் சொல்லி முடித்துவிடுகிறது. அந்தப் பத்தியைத் தேர்வுத்தாளில் எழுதுவது எளிது. வலியால் துடிக்கும் ஒருவர் எதிரில் அமர்ந்திருக்கும்போது அந்தப் பெயரை எப்போது சொல்வது, எதுவரை சொல்லாமல் இருப்பது என்பதே உண்மையில் கடினமான கேள்வி. இந்தியாவில் அக்கேள்வி இன்னும் கடினமானது. அதற்கான காரணம் நரம்பியலில் மட்டும் இல்லை.

முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும். விழியை அசைப்பவை ஆறு தசைகள். அவற்றுள் நான்கை மூன்றாம் மூளை நரம்பு இயக்குகிறது. மேலிமையைத் தூக்குவதும் பாவையைச் சுருக்குவதும் அதே நரம்பின் வேலைதான். நான்காம் நரம்பு ஒரு தசையை மட்டும் இயக்குகிறது. ஆறாம் நரம்பும் அப்படியே, விழியை வெளிப்புறம் திருப்பும் தசையை மட்டும் இயக்குகிறது. இந்த மூன்றும் மூளைத்தண்டின் வெவ்வேறு மட்டங்களில் புறப்பட்டு, பிட்யூட்டரி சுரப்பியின் இரு பக்கங்களிலும் உள்ள ஒரு சிறிய சிரை அறையில் வந்து கூடுகின்றன. கேவர்னஸ் சைனஸ் எனப்படும் அந்த அறையின் ஊடே மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் உள் கரோட்டிட் தமனி வளைந்து செல்கிறது. நெற்றிக்கும் கன்னத்துக்கும் உணர்வு தரும் ஐந்தாம் நரம்பின் கிளைகளும் அதன் பக்கச் சுவரில் படிந்துள்ளன. அங்கிருந்து கண்குழிக்குச் செல்லும் வழி ஒரு குறுகிய எலும்புப் பிளவு. இவ்வளவு நெருக்கடியான இடத்தில் எது வீங்கினாலும் விளைவு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்: வலி, இரட்டைப் பார்வை, தொங்கும் இமை, மரத்த நெற்றி. அழற்சி, புற்றுநோய், பூஞ்சை, உறைந்த இரத்தம், புடைத்த தமனி ஆகிய யாவும் இதே அறிகுறிகளைத்தான் காட்டுகின்றன. நோயின் இடத்தை அறிகுறிகள் துல்லியமாகச் சொல்லிவிடும். நோயின் தன்மையைப் பற்றி அவை ஏதும் சொல்வதில்லை.

இந்நோயின் வரலாறே ஒரு தவறான ஊகத்தில்தான் தொடங்குகிறது. 1954-இல் பார்சலோனாவின் நரம்பு அறுவை மருத்துவர் எடுவார்டோ டொலோசா ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். 47 வயது ஆண். இடது கண்ணுக்குப் பின்னால் வலி. அந்தக் கண்ணின் அசைவு முற்றிலும் முடங்கியிருந்தது. ஆஞ்சியோகிராம் படத்தில் கரோட்டிட் தமனி அந்தச் சிரை அறையின் பகுதியில் குறுகியிருந்தது. அறிகுறிகள் அனூரிசம் எனப்படும் தமனிப் புடைப்பைச் சுட்டின. தலையைத் திறந்து பார்த்தபோது புடைப்பு எதுவும் இல்லை. அறுவைக்குப் பின் சில நாள்களில் நோயாளி இறந்தார். உடற்கூறாய்வில் தமனியைச் சுற்றி அழற்சித் திசு போர்த்தியிருப்பது தெரிந்தது. அனூரிசத்தின் அறிகுறிகளோடு வந்த ஒரு தமனிச் சூழ் அழற்சி என்றுதான் டொலோசா தம் கட்டுரைக்குத் தலைப்பும் வைத்தார்.

ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1961-இல், அமெரிக்காவின் ஒஹாயோவில் வில்லியம் ஹன்ட்டும் அவருடைய சகாக்களும் ஆறு நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தனர். வலி முடக்கத்துக்குச் சில நாள் முன்பே வரலாம். மூன்றாம் நரம்பு மட்டுமல்லாமல் மற்ற நரம்புகளும் பாதிக்கப்படலாம். நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ நீடித்துத் தானாகவே தணியலாம். மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் திரும்பவும் வரலாம். எவ்வளவு தேடினாலும் அந்தச் சிரை அறைக்கு வெளியே நோயின் தடயம் கிடைக்காது என்று அவர்கள் வரையறுத்தனர். 1966-இல் ஸ்மித், டாக்ஸ்டால் என்னும் இருவர் மேலும் சில நோயாளிகளை விவரித்து, டொலோசா-ஹன்ட் என்ற இணைப்பெயரைச் சூட்டினர். ஸ்டீராய்டுக்கு வலி வியக்கத்தக்க விரைவில் அடங்குகிறது என்பதை அழுத்திச் சொன்னவர்களும் அவர்களே. அதை நோயறிதலுக்கு உதவும் அடையாளமாகவே அவர்கள் முன்வைத்தனர்.

இதே ஹன்ட்டின் பெயர், 1968-இல் ஹெஸ் என்பவருடன் சேர்ந்து வகுத்த மற்றோர் அளவுகோலிலும் நிலைத்திருக்கிறது. அனூரிசம் வெடித்து மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்த நோயாளியின் நிலையை மதிப்பிடும் அளவுகோல் அது. ஒருபுறம், தானாகவே தணியக்கூடிய அழற்சி; மறுபுறம், சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடிய கசிவு. முதல் நாளில் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடக்கூடிய இரண்டு நிலைகளிலும் ஒரே மருத்துவரின் பெயர் இருக்கிறது.

இனி ஒரு நோயாளியைக் கற்பித்துக்கொள்ளலாம். அவர் குறிப்பிட்ட ஒருவர் அல்லர்; பெரிய அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவில் பணியாற்றியவர் எவரும் கண்டிருக்கக்கூடிய பலரின் கலவை. மத்தியப் பிரதேசத்தின் ஒரு சிற்றூரில் பள்ளி ஆசிரியை, வயது 52, பத்தாண்டுகளாக நீரிழிவு. இடது புருவத்துக்குப் பின்னால் தொடங்கிய வலியை முதலில் ஒற்றைத் தலைவலி என்றார்கள். அடுத்துப் பல் என்றார்கள், கண்ணாடி மாற்ற வேண்டும் என்றார்கள். ஆறாம் நாள் கரும்பலகையில் எழுதிய வரி இரண்டாகத் தெரிந்தது. மாடிப்படியில் எந்தப் படி உண்மையான படி என்று கால் தயங்கியது. முந்தானையால் ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு விடைத்தாள்களைத் திருத்தினார். பத்தாம் நாள் இமை முழுதாகத் தொங்கியது. அத்துடன் இரட்டைப் பார்வை நின்றுவிட்டதால் வீட்டார் சிறிது ஆறுதலடைந்தனர். கண் மூடிக்கொண்டதால் இரண்டாவது பிம்பம் மறைந்ததே தவிர, நோய் குறைந்ததால் அன்று என்பது போபாலுக்குப் பேருந்தில் வந்து சேர்ந்த பிறகே அவர்களுக்குத் தெரிந்தது.

இந்த ஆசிரியையின் முன் அமரும் இளம் மருத்துவருக்குப் பாடநூலின் அந்தப் பத்தி உடனே நினைவுக்கு வரும். அரிய நோய் ஒன்றை நேரில் காண்பதில் இளம் மருத்துவர்களுக்கு ஓர் ஈர்ப்பு உண்டு, அது இயல்பானது. ஆனால் பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீட்டின்படி இந்நோய் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே வருகிறது. அதைப் போல வேடமிடும் நோய்களோ அவ்வளவு அரியவை அல்ல. ஆகவே நல்ல மருத்துவர் அந்தப் பெயரை மனத்தின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு இமையைத் தூக்கிப் பாவையைப் பார்ப்பார்.

பாவை ஏன் முதலில்? மூன்றாம் நரம்பில் பாவையைச் சுருக்கும் இழைகள் மேற்பரப்பில் ஓடுகின்றன. அருகிலுள்ள தமனி புடைத்து நரம்பை வெளியிலிருந்து அழுத்தும்போது முதலில் நசுங்குபவை அவையே. பாவை அகன்று வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நிற்கும். நீரிழிவில் நடப்பது வேறு. நரம்பின் உள்ளே செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடுவதால் உள்ளிழைகள் பாதிக்கப்படும். மேலிழைகள் பெரும்பாலும் தப்பிவிடும். இந்த விதிக்கு விலக்குகள் உண்டு என்பதால் அதை மட்டும் நம்பி யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. ஆயினும் இமை தொங்கி, பாவையும் அகன்றிருந்தால் அடுத்த வேலை ஸ்டீராய்டு தேடுவதன்று, அன்றே இரத்தக் குழாய்ப் படம் எடுப்பது. ஒரு கைவிளக்கு எழுப்பும் கேள்விக்கு உயிரின் விலை இருக்கிறது.

அதன்பின் மற்றவை. விழியை வெளிப்புறம் திருப்பச் சொல்லி ஆறாம் நரம்பைச் சோதிப்பார். பஞ்சால் நெற்றியையும் கன்னத்தையும் தொட்டு ஐந்தாம் நரம்பைச் சோதிப்பார். நெற்றியோடு கன்னமும் மரத்திருந்தால் கோளாறு கண்குழிப் பிளவைத் தாண்டிச் சிரை அறைக்குள்ளேயே இருக்கக்கூடும். பார்வையும் மங்கியிருந்தால் கண்குழியின் நுனி வரை நோய் எட்டியிருக்கலாம். மூடிய இமைமேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்பார். இதயத் துடிப்போடு ஒத்த இரைச்சல் கேட்டால், தமனியிலிருந்து இரத்தம் நேராகச் சிரை அறைக்குள் பாய்கிறது என்று பொருள். காய்ச்சலும் வீங்கிய முகமும் இருந்து, ஒரு கண்ணில் தொடங்கியது அடுத்த கண்ணுக்கும் பரவினால் சீழ்த்தொற்றால் சிரை அறையில் இரத்தம் உறைந்திருக்கலாம். இரு பக்க அறைகளும் ஒன்றோடொன்று இணைந்தவை என்பதால் தொற்று மறுபக்கம் கடப்பது எளிது. கடைசியாக, நீரிழிவு உள்ள எவருக்கும் செய்தே ஆக வேண்டிய ஒன்று: வாயைத் திறக்கச் சொல்லி மேலண்ணத்தைப் பார்ப்பது, மூக்கினுள் விளக்கடித்துப் பார்ப்பது.

அங்கே தேடப்படுவது கறுப்பு நிறம். மியூக்கர் வகைப் பூஞ்சை இரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அவற்றை அடைக்கிறது. இரத்தம் இழந்த திசு மடிந்து கறுக்கிறது. மூக்கிலிருந்து பக்க அறைகளுக்கும், அங்கிருந்து கண்குழிக்கும், அதன் நுனி வழியே சிரை அறைக்கும் மூளைக்கும் பரவ அதற்குச் சில நாள்கள் போதும். கட்டுக்கடங்காத சர்க்கரை அதற்கு வழி திறக்கிறது. ஸ்டீராய்டு அந்த வழியை அகலமாக்குகிறது. ஆசிரியையின் கண்ணை முடக்கியது அழற்சியாயின் ஸ்டீராய்டு அவரைக் காக்கும். பூஞ்சையாயின் அதே ஸ்டீராய்டு அவரைக் கொல்லக்கூடும். முதல் நாள் மாலையில் இரண்டுக்கும் முகம் ஒன்றே.

இது வெறும் ஏட்டு வாதமன்று என்பதை 2021-ஆம் ஆண்டு இந்தியாவுக்குக் காட்டியது. கோவிட் இரண்டாம் அலையில் மூச்சுத் திணறியவர்களுக்கு உயிர்காக்கக் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டு, பல இடங்களில் தேவையற்றவர்களுக்கும், தேவையான அளவுக்கும் காலத்துக்கும் மேலாகவும், சர்க்கரையைக் கண்காணிக்காமலும் கொடுக்கப்பட்டது. பின்னாலேயே கருப்புப் பூஞ்சை வந்தது. அந்த மே மாதத்தில் ஒன்றிய சுகாதார அமைச்சகம் அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்குமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. ஜூன் மாத இறுதிக்குள் நாடு முழுவதும் 40,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள் பதிவாயினர். ஆம்ஃபோடெரிசின்-பி மருந்துக்கு நாடெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. உயிரைக் காப்பதற்காகக் கண்ணையே அகற்ற வேண்டிய அறுவைகள் பல நடந்தன. அந்த நோயாளிகளுள் பலரின் தொடக்க அறிகுறிகள் கண்ணைச் சுற்றிய வலி, தொங்கும் இமை, அசையாத விழி ஆகியவையே. அந்தக் கோடையில் வார்டுகளில் பணிபுரிந்த ஒரு தலைமுறை மருத்துவர்களுக்கு, வலியோடு முடங்கிய கண் என்பது இனி ஒருபோதும் பாடநூலின் அந்தப் பத்தியாக மட்டும் இருக்க முடியாது.

ஆயினும் ஸ்டீராய்டைப் பற்றிய ஒரு பழைய நம்பிக்கை எளிதில் மறைவதாக இல்லை. மருந்து கொடுத்துப் பார்ப்போம், 72 மணி நேரத்தில் வலி போனால் டொலோசா-ஹன்ட், போகாவிட்டால் வேறு என்பது அந்நம்பிக்கை. அது வார்டுகளில் தானாக முளைத்ததன்று. பன்னாட்டுத் தலைவலிச் சங்கம் 1988-இல் வெளியிட்ட முதல் வகைப்பாட்டிலேயே ஸ்டீராய்டு தொடங்கிய 72 மணி நேரத்துக்குள் வலி தணிய வேண்டும் என்பது ஒரு நிபந்தனையாக இருந்தது. 2004-இல் வந்த இரண்டாம் பதிப்பும் அதைத் தக்கவைத்தது, அத்துடன் எம்.ஆர்.ஐ. படத்திலோ திசு ஆய்விலோ கிரானுலோமா வகை அழற்சி தென்பட வேண்டும் என்பதையும் சேர்த்தது. 2018-இல் நிறைவு பெற்ற மூன்றாம் பதிப்பில் அந்த 72 மணி நேர நிபந்தனை நீக்கப்பட்டுவிட்டது. படத்திலோ திசுவிலோ அழற்சி காணப்பட வேண்டும். வலி முடக்கத்துக்கு முந்தைய இரண்டு வாரங்களுக்குள் தொடங்கியிருக்க வேண்டும், அல்லது முடக்கத்தோடு சேர்ந்து வந்திருக்க வேண்டும். வேறு நோயறிதல் இதைவிடப் பொருந்தாது என்பது உறுதியாக வேண்டும்.

ஒரு துறை தன் மனத்துக்கு நெருக்கமான சான்றைத் தானே கைவிட்டதற்குப் பின்னால் ஒரு தருக்கம் இருக்கிறது. இந்நோய்க்கு ஸ்டீராய்டு பயன் தரும் என்பதிலிருந்து, ஸ்டீராய்டு பயன் தந்ததால் இது இந்நோயே என்று முடிவு கட்ட முடியாது. மழை பெய்தால் முற்றம் நனையும். முற்றம் நனைந்திருப்பதால் மழைதான் பெய்தது என்று சொல்ல இயலாது. நிணநீர்ப் புற்றுநோயின் செல்களை ஸ்டீராய்டு நேரடியாகவே அழிக்கும். வலி போகும், படத்தில் கட்டியும் சுருங்கும். வேறு சில கட்டிகளைச் சுற்றிய வீக்கத்தை அது வடியவைக்கும். சார்க்காய்டோசிஸ் அடங்கும். காசநோய் அழற்சிகூடத் தற்காலிகமாகத் தணிந்ததுபோல் காட்டி, மறைவில் கிருமியை வளரவிடும். இவற்றுள் நிணநீர்ப் புற்றுநோயின் ஏமாற்று தனித்தன்மை உடையது. ஸ்டீராய்டு கொடுத்த பின் எடுக்கும் திசு மாதிரியில் புற்றுச் செல்கள் தென்படாமலே போகலாம். மருந்து நோயை மறைப்பதோடு, நோயைக் கண்டுபிடிப்பதற்கான சான்றையும் அழித்துவிடுகிறது. வாரங்கள் கழித்து வலி திரும்பும்போது, முன்பு டொலோசா-ஹன்ட் வந்தவர் என்று கோப்பில் எழுதியிருக்கும். அடுத்த மருத்துவரும் அதே மருந்தை நீட்டுவார்.

பெயர் ஒருமுறை எழுதப்பட்டால் அதற்கு ஓர் எடை வந்துவிடுகிறது. ஆய்வுலகம் நன்கறிந்த நிலைதான் இது. முதல் கட்டுரையின் ஊகம் இரண்டாம் கட்டுரையின் மேற்கோளாகி, மூன்றாம் கட்டுரையில் நிறுவப்பட்ட உண்மையாகிவிடும். ஆய்வேட்டில் அப்படி நேர்ந்தால் பின்னாளில் ஒரு மறுப்புக் கட்டுரை போதும். வார்டில் அப்படி நேர்ந்தால் மறுப்பு மிகத் தாமதமாக வரும்.

இங்கே நாட்டின் கேள்வி எழுகிறது. எவற்றையெல்லாம் விலக்க வேண்டும் என்ற பட்டியல் உலகெங்கும் ஒன்றுதான். எதை முதலில் விலக்குவது என்ற வரிசை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளோர் ஏறத்தாழ 10.1 கோடி. உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒரு பங்கினர் இந்நாட்டினர். இப்படிப்பட்ட மண்ணில் ஒரே அறிகுறிக்குப் பின்னால் பூஞ்சையோ காசநோயோ நீரிழிவு நரம்பு வாதமோ இருப்பதற்கான வாய்ப்பு, ஹன்ட் ஆறு நோயாளிகளைத் தொகுத்த ஒஹாயோவின் வாய்ப்போடு ஒப்பிடத்தக்கதன்று. பாடநூல் வேறிடத்தில் எழுதப்பட்டது என்பதால் அது பிழையாகிவிடாது. அதைப் படிக்கும் கண் தான் நிற்கும் இடத்தை மறக்காமலிருந்தால் போதும். மேலண்ணத்தைப் பார்க்கும் அரை நிமிடம், மூக்கிலிருந்து எடுத்த துணுக்கைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் அகன்ற பூஞ்சை இழைகளைத் தேடும் சில மணி நேரம், மார்பு ஊடுகதிர்ப் படம், சர்க்கரை அளவு ஆகியவை இங்கே பட்டியலின் கடைசியில் இருக்க வேண்டியவை அல்ல. இவற்றுள் பெரும்பாலானவை ஒரு மாவட்ட மருத்துவமனையிலேயே செய்யக்கூடியவை. எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்கான வரிசையில் நின்றபடியே இவற்றை முடித்துவிடலாம்.

ஆசிரியைக்குத் திரும்பலாம். அவருடைய கணவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், ஓர் ஊசி போட்டால் இந்த வலி நின்றுவிடும் என்று. அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த ஊசி மருத்துவமனையில் இருக்கிறது, விலையும் குறைவு. இரவெல்லாம் மனைவி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு முனகுவதைக் கேட்டவர், காலையில் மருத்துவரிடம் ஏன் இன்னும் போடவில்லை என்று கேட்கிறார். கேள்வி நியாயமானது. நான் இன்னும் உறுதியாக அறியவில்லை என்ற விடையைச் சொல்ல மருத்துவக் கல்வி யாருக்கும் பயிற்சி தருவதில்லை. அதைக் கேட்டுக்கொள்ளப் பழகியவர்களும் குறைவு. தெரியாது என்பவரை விட்டுவிட்டுத் தெரியும் என்று சொல்பவரைத் தேடிப் போவது வலியில் இருப்பவரின் இயல்பு.

ஆனால் காத்திருப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அதை நோயாளிக்கும் சொல்ல முடியும். இது டொலோசா-ஹன்ட் ஆக இருந்தால், அது தானாகவும் தணியக்கூடிய நோய். ஸ்டீராய்டு இரண்டு நாள் தாமதமாவதால் உயிருக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை. வேதனை உண்டு, அதை வேறு வலிநிவாரணிகளால் குறைக்க முடியும், குறைக்கவும் வேண்டும். இது பூஞ்சையாகவோ அனூரிசமாகவோ சீழ்த்தொற்றாகவோ இருந்தால், அந்த இரண்டு நாளில் செய்த சோதனைதான் உயிர். ஒரு பக்கத்துத் தவறு இரண்டு இரவுகளின் வலியாகவும், மறுபக்கத்துத் தவறு திரும்பப் பெற முடியாத இழப்பாகவும் இருக்கும்போது தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில் ஐயமில்லை. இதை இவ்வாறே எளிய சொற்களில் விளக்கினால் பெரும்பாலான கணவர்கள் புரிந்துகொள்வார்கள். புரியும்படி சொல்ல ஐந்து நிமிடம் வேண்டும். நூற்றுக்கணக்கானோர் காத்திருக்கும் புறநோயாளிப் பிரிவில் மிகப் பெரிய பற்றாக்குறை அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான்.

காத்திருக்கும் காலமும் வெறுங்காலமன்று. ஓர் எல்லையும் அதற்கு உண்டு. முடிவின்றிச் சோதனைகளை அடுக்கிக்கொண்டே போவது எச்சரிக்கையின் பெயரால் நடக்கும் இன்னொரு கைவிடல். சிரை அறையினுள் ஊசியோ கத்தியோ செலுத்தித் திசு எடுப்பது ஆபத்தானது என்பதால் பெரும்பாலான நோயாளிகளுக்கு அது செய்யப்படுவதில்லை. ஆகவே விலக்குதல் என்றைக்குமே நூற்றுக்கு நூறு நிறைவடையாது. பாவை சரியாக இருக்கிறது, இரத்தக் குழாய்ப் படத்தில் புடைப்பு இல்லை, மூக்கிலும் அண்ணத்திலும் கறுப்பு இல்லை, நுண்ணோக்கியில் இழைகள் இல்லை, காய்ச்சல் இல்லை, இரத்தச் சோதனைகளும் மார்புப் படமும் வேறெதையும் காட்டவில்லை, நிறமேற்றி எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் இடது சிரை அறை தடித்து ஒளிர்கிறது. இவ்வளவும் ஆன பின் ஒரு தருணத்தில் மருத்துவர் துணிந்தாக வேண்டும். இப்போது ஸ்டீராய்டு தொடங்கலாம், சர்க்கரையை ஒவ்வொரு நாளும் கண்காணித்தபடி. அதுவரை தயங்கியவரும் இப்போது துணிபவரும் ஒருவரே. அந்தத் தயக்கம் இருந்ததால்தான் இந்தத் துணிவு மதிப்புப் பெறுகிறது.

வலி ஓரிரு நாளில் அடங்குகிறது. விழி அவ்வளவு விரைவில் திரும்புவதில்லை. நரம்புக்கு வாரங்களோ மாதங்களோ தேவைப்படும். இந்த இடைவெளியைப் பற்றி நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லாவிட்டால் அவர் மருந்து தோற்றுவிட்டதாக எண்ணி நிறுத்திவிடுவார். அல்லது வலி நின்றதும் குணமாகிவிட்டதாக எண்ணி நிறுத்திவிடுவார். இரண்டும் ஒரே இடத்தில்தான் முடியும். கணிசமானோருக்கு இந்நோய் ஆண்டுகள் கழித்தும் திரும்பி வருவதுண்டு. எனவே வீட்டுக்கு அனுப்பும் நாளில் நோயறிதல் முடிந்துவிடுவதில்லை. மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் மீண்டும் எடுக்கும் படம், தடித்திருந்த சுவர் மெலிந்திருக்கிறதா என்று பார்ப்பது, புதிய நரம்பு ஏதும் பாதிக்கப்படவில்லை என்று உறுதி செய்வது ஆகியவை சிகிச்சைக்குப் பின்னான சடங்குகள் அல்ல. அவை நோயறிதலின் மீதிப் பகுதிகள். மற்ற நோய்களில் காலம் சிகிச்சைக்கு உதவும். இந்நோயில் காலமே ஒரு சோதனையாகிறது. புற்றுநோய் ஓராண்டு முழுதும் அமைதியாக இருந்துவிடுவது அரிது.

அந்தச் சோதனைக்கு நோயாளி திரும்பி வர வேண்டும். தொலைவான ஊர், ஒரு நாள் விடுப்பு, பேருந்துக் கட்டணம், வலியே இல்லாதபோது எதற்குப் போக வேண்டும் என்ற வீட்டாரின் கேள்வி ஆகிய எல்லாவற்றையும் கடந்துதான் அவர் வர முடியும். வராதவர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் பின்தொடர்தலில் இழக்கப்பட்டோர் என்று ஒரு சொல்லில் குறிப்பிடுகின்றன. அவர்களுள் எத்தனை பேருக்கு வைத்த பெயர் சரியானது என்பதற்கு எந்த ஆவணமும் சாட்சி சொல்லாது.

ஆகவே இந்நோயைப் பற்றி எழுதப்படும் மிக முக்கியமான வாக்கியம் வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுக்கும் தாளில் எழுதப்படுவது. அதில் டொலோசா-ஹன்ட் என்று மட்டும் எழுதலாம். அல்லது, தற்போதைய நிலையில் டொலோசா-ஹன்ட் எனக் கருதப்படுகிறது, எவையெவை எந்தெந்தச் சோதனையால் விலக்கப்பட்டன, எது இன்னும் விலக்கப்படவில்லை, வலி திரும்பினால் ஸ்டீராய்டு கொடுக்கும் முன் மீண்டும் படம் எடுக்க வேண்டும் என்று எழுதலாம். இரண்டாவதை எழுத நான்கு வரி அதிகம் ஆகும். ஓராண்டு கழித்து ஓர் இரவில், வேறோர் ஊரில், முன்பின் அறியாத ஒரு பணி மருத்துவர் அந்தத் தாளை விளக்கொளியில் பிரித்துப் படிக்க நேர்ந்தால், அந்த நான்கு வரிகள் ஆசிரியையின் கண்ணையும் ஒருவேளை உயிரையும் காக்கும்.